தாழ்வு இல்லாமலே கொட்டும் மழை: ஏற்காட்டு உயரத்தில் ஓடும் கிழக்கு அலை

ஐப்பசி பிறந்துவிட்டால் சேலம் பக்கம் பாதிப் பேர் வானிலை அறிக்கையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடுகிறார்கள், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதா இல்லையா என்று. உருவாகியிருந்தால் மழை, இல்லாவிட்டால் வெயில். சேகோ பேக்டரிக்காரர் ஈர ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பலாம், ஏற்காட்டில் காப்பி பறித்தவர்கள் கொட்டையைக் காயப்போடலாம். கணக்கு எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் பல தடவை காலை வாரிவிடும். தாழ்வே கிடையாது என்று சொன்ன ராத்திரி விடிய விடியக் கொட்டும். தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, மூன்று நாள் மிரட்டியது ஆந்திரா பக்கம் திரும்பிப்போய் நமக்கு ஒரு தூறல்கூடத் தராது. "டிவில ஒண்ணுமே இல்லைன்னாங்களே அண்ணா, அப்புறம் எப்படிங்க இது பெஞ்சுது?" என்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டே கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தத் தாழ்வுப் பட்டியலையே பார்ப்போம். காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், பெயர் வைத்துவிடுவார்கள். கவனித்தீர்களா, எல்லாமே காற்றின் வேகம்தான். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுபவருக்கும் படகை நிறுத்தச் சொல்பவருக்கும் இது சரியான அளவுகோல். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது கடலில் என்ன இருந்தது தெரியுமா? குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்கு சுழற்சி, அவ்வளவுதான். பட்டியலின் முதல் படியில்கூட அது கால் வைக்கவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து சென்னை மூழ்கியபோதும் பெயர் வைக்கிற அளவுக்குப் புயல் எதுவும் இல்லை.

அறிக்கையில் பலரும் தாண்டிப்போகிற ஒரு வரி உண்டு. "கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்று ஆரம்பிக்கும். கேட்க எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள், ஏதோ மின்விசிறியை இரண்டில் இருந்து மூன்றுக்கு வைத்த மாதிரி. எனக்கென்னவோ தாழ்வு என்ற சொல்லைவிட இந்த வரிதான் முக்கியம். வானிலை பேசுகிறவர்கள் கிழக்கு அலை, கிழக்கலை என்று சொல்வது இதைத்தான். நம் வடகிழக்குப் பருவத்தில் மழை தொடர்ந்து பெய்யாமல் இரண்டு நாள் பெய்து, இரண்டு நாள் வெளுத்து, மறுபடி பிடித்துக்கொள்கிறதே, அந்தத் தாளத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்த அலைதான். தாழ்வும் புயலும் அதில் சில அலைகள் மட்டும் எடுக்கிற அடுத்த பிறவி.

சரி, அலை என்றால் எது அலைகிறது? வெப்பமண்டலக் கடல்களுக்கு மேல், பூமத்தியரேகைக்குக் கொஞ்சம் வடக்கே, காற்று வழக்கமாகக் கிழக்கில் இருந்து மேற்காக அடிக்கும். நவம்பரில் வங்கக்கடலுக்கு மேலும் அப்படித்தான். இந்தக் காற்றோட்டம் நேர்கோடாகப் போகாமல், ஒரு இடத்தில் வடக்குப் பக்கமாக மேடு தட்டி வளைந்து, பிறகு மறுபடி இறங்கிவிடும். வரைபடத்தில் பார்த்தால் கூரை முகடு மாதிரி தெரியும். அந்த முகட்டுக்கு நேர் கீழே வடக்குத் தெற்காக ஒரு கோடு போட்டால் அதுதான் அலையின் அச்சு. அச்சில் அழுத்தம் சற்றுக் குறைவு. ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகட்டுக்கு 2,000 முதல் 4,000 கிலோமீட்டர் இருக்கும். மொத்த வளைவும் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகரும். அதனால் ஓரிடத்தில் நிற்கிறவருக்கு 3 முதல் 5 நாளுக்கு ஒரு அலை கடந்துபோகும். மேலே சொன்ன தாளம் இங்கிருந்துதான் வருகிறது.

அச்சுக்கு மேற்கே, அதாவது அலை இன்னும் வந்து சேராத பக்கம், காற்று வடகிழக்கில் இருந்து வரும். அச்சு கடந்ததும் தென்கிழக்குக்கு மாறும். இந்தத் திசை மாற்றத்தை வைத்தே அலை வந்ததா போனதா என்று சொல்லிவிடலாம். இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, எத்தனை பேர் கவனித்திருக்கிறார்களோ தெரியவில்லை. சேலமும் அந்தமானின் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 11 டிகிரி 40 நிமிடத்தை ஒட்டி. சேலத்தில் இருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் கடலூர் பக்கம் கரையைத் தாண்டி, சுமார் 1,600 கிலோமீட்டரில் போர்ட் பிளேரை முட்டும். அங்கே காற்று வடகிழக்கில் இருந்து தென்கிழக்குக்குத் திரும்பினால், அந்த அலை நம் தலைக்கு மேல் வர இரண்டு நாள் முதல் மூன்று நாள் சொச்சம் ஆகும். எல்லா அலையும் இந்தக் கோட்டிலேயே நடந்து வராது, இலங்கைக்குத் தெற்கே போகிறதும் உண்டு. ஆனாலும் மூன்று நாள் முன்னோட்டம் பார்க்க இதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை.

இதுவரை சொன்னது மேலிருந்து பார்த்தால் தெரிகிற வடிவம். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால்தான் விஷயம் சூடு பிடிக்கும்.

கிழக்கு அலை கடல் மட்டத்தில் பலவீனமானது. தரையில் இருக்கிற அழுத்தமானியில் அது காட்டுகிற வித்தியாசம் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல்தான் (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு). அதே நேரம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம், மாலை 4, விடியற்காலை 4 வாக்கில் பள்ளம், இரண்டுக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் வரை வித்தியாசம். வளிமண்டலத்தின் ஓதம் என்று சொல்லலாம், ஆனால் சந்திரனைவிட சூரிய வெப்பம்தான் இதை ஓட்டுகிறது. அப்படியானால் அலையின் சுவடு அந்தத் தினசரி ஏற்ற இறக்கத்துக்குள் மூழ்கிப்போகும் இல்லையா? 1940ல் அமெரிக்க வானிலையாளர் கோர்டன் டன் இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். இன்று காலை 8 மணி அழுத்தத்தை நேற்று காலை 8 மணி அழுத்தத்தோடு மட்டும் ஒப்பிடுவது. ஓதம் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிடும், மிச்சம் நிற்பது அலை. அட்லாண்டிக் தீவுகளின் அழுத்தத்தை இப்படிக் கழித்துப் பார்த்தபோது, அழுத்தம் குறைகிற பகுதி ஒன்று தீவு தீவாக மேற்கே நடந்து போவது தெரிந்தது. இப்போது நிறைய போன்களில் அழுத்தமானி இருக்கிறது, டன் செய்ததை வீட்டில் உட்கார்ந்தே செய்து பார்க்கலாம்.

அலைக்கு உண்மையான பலம் மேலே, 1.5 முதல் 4 கிலோமீட்டர் உயரத்தில். வானிலைக்காரர்கள் உயரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள், அழுத்தத்தில் சொல்வார்கள். 850 ஹெக்டோபாஸ்கல் வரைபடம் என்றால் தோராயமாக 1,500 மீட்டர் உயரம், 700 என்றால் 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிழக்கு அலையைத் தேடுகிறவர்கள் முதலில் திறப்பது அந்த 850 வரைபடத்தைத்தான். இப்போது சேர்வராயன் மலையைப் பாருங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,400 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு 1,600ஐத் தாண்டும். அழுத்தமானியை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஏறினால் அது காட்டுவது 850, 860 பக்கம். வானிலையாளர்கள் பலூன் விட்டுப் பார்க்கிற உயரத்தில் நாம் பஸ் ஏறிப் போய் நிற்கிறோம். கீழே சேலம் 280 மீட்டர். அங்கே கட்டடமும் மரமும் குன்றும் உரசி உரசி காற்றின் திசையே குழம்பியிருக்கும், அலை கடந்தால்கூட உடம்புக்குத் தெரியாது. மேலே அது தெரியும். சேலத்தில் இலை அசையாத அதே நேரத்தில் ஏற்காட்டில் தென்கிழக்குக் காற்று சில்வர் ஓக் மரங்களைப் போட்டு ஆட்டுவதற்கு மலை என்பது மட்டும் காரணமில்லை, அலை ஓடுகிற அடுக்கிலேயே ஊர் இருக்கிறது என்பதும் காரணம்.

அலையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வானமே வேறு. இதை முதலில் விரிவாக எழுதியவர் ஹெர்பர்ட் ரீல், 1945ல், கரீபியன் கடலின் அலைகளை வைத்து. அப்போது போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் வெப்பமண்டல வானிலைக்கென்றே ஒரு நிறுவனம் நடந்துகொண்டிருந்தது, போர்க்காலம் என்பதால் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அந்தத் தகவல் அவசரத் தேவை. ரீல் வரைந்த படத்தின்படி, அச்சுக்கு முன்னால் காற்று மெல்லக் கீழே இறங்கும். ஈரமான அடுக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கனத்துக்கு நசுங்கிப்போகும், அதற்கு மேல் வறண்ட காற்று மூடிபோட்டு நிற்கும், மேகம் சின்னச் சின்னத் துண்டுகளாக அலையும், தொலைவு புகைமூட்டமாகத் தெரியும். அச்சு நெருங்கும்போது மேகம் வளர ஆரம்பிக்கும். அச்சு கடந்ததும் ஈர அடுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வரை பருத்து எழும், இடியும் மழையும் அங்கேதான். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் இருந்து சேலத்தைப் பார்க்கும்போது சில நாள் கீழே ஒரு பழுப்புப் படலம் தட்டையாகப் பரவி, மேற்பரப்பு வெட்டிவிட்ட மாதிரி நேராக நிற்கும், மேட்டூர்ப் பக்கம் எதுவும் தெரியாது. பருவமழைக் காலத்தில் அப்படியொரு நாள் வந்தால் மழை போய்விட்டது என்று சொல்வார்கள். பல நேரம் அது அடுத்த அலையின் முன்பக்கம்.

பின்பக்கம் ஏன் மழை? இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். அலை நகர்வதும் காற்று நகர்வதும் ஒன்றல்ல. தாழ்ந்த அடுக்குகளில் காற்று அலையைவிட வேகமாகப் போனால், அது பின்னால் கிழக்கில் இருந்து வந்து அலைக்குள் நுழைந்து, அச்சைக் கடந்து, முன்னால் மேற்கே வெளியேறும். நுழையும்போது அது தென்கிழக்குக் காற்று, அதாவது வடக்கு நோக்கி ஏறுகிறது. வடக்கே போகப் போக பூமியின் சுழற்சி அதன் மேல் காட்டும் பங்கு கூடும். கூடவே அச்சை நெருங்குவதால் அலையின் சுழற்சியும் கூடும். இவ்வளவு கூடுதல் சுழற்சி ஒரு காற்றுத் தூணுக்கு எப்படிக் கிடைக்கும்? தட்டாமாலை சுற்றுகிற பிள்ளை விரித்த கையை உடம்போடு ஒடுக்கினால் வேகம் கூடுகிறதே, அதேபோலக் காற்றுத் தூணும் பக்கவாட்டில் ஒடுங்கி மேலே நீள வேண்டும். பக்கவாட்டில் ஒடுங்குவதைத்தான் காற்று குவிதல் என்கிறோம். குவிந்த காற்றுக்குக் கீழே கடல் இருக்கிறது, போக வழி மேலேதான், மேலே போனால் குளிர்ந்து மேகமாகும். அச்சைத் தாண்டி மேற்கே வந்ததும் எல்லாம் தலைகீழ், சுழற்சி குறைய வேண்டும், தூண் விரிந்து குட்டையாகும், காற்று இறங்கும், வானம் வெளுக்கும்.

இந்த விளக்கத்திலேயே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது, கீழ்க்காற்று அலையைவிட வேகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழை பக்கம் மாறிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. அங்கே கோடையில் 4 கிலோமீட்டர் உயரம் வாக்கில் கிழக்குக் காற்று வேகமாக ஓடும், தரையை ஒட்டி எதிர்த்திசையில் பருவக்காற்று வரும், மழை அலையின் முன்பக்கத்தில்தான் அதிகம். ஆண்டுக்குச் சுமார் 60 அலைகள் ஆப்பிரிக்கக் கரையைவிட்டு அட்லாண்டிக்கில் இறங்குகின்றன. அமெரிக்காவைத் தாக்குகிற பெரும் சூறாவளிகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அவைதான்.

பசிபிக்கில் இன்னொரு மாதிரி. அங்கே கதையை மாற்றியது 1971ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ரீடும் எர்னஸ்ட் ரெக்கரும் வெளியிட்ட ஆய்வு. குவாஜலீன், எனிவேடொக், பொனாபே என்று மேற்கு பசிபிக்கில் முக்கோணமாக நிற்கும் மூன்று தீவுகள். 1967 ஜூலையில் இருந்து செப்டம்பர் வரை அந்த வழியாகப் போன 18 அலைகளின் பலூன் தகவல்களை எடுத்து, எல்லா அலையின் அச்சையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி சராசரி எடுத்தார்கள். ஒரு அலையை மட்டும் பார்த்தால் அன்றைய இடிமேகம் எல்லாவற்றையும் கலைத்துக் காட்டும், பதினெட்டைச் சேர்த்தால் கூச்சல் அடங்கி எலும்புக்கூடு தெரியும். தெரிந்தது என்னவென்றால், அங்கே காற்று பலமாக மேலெழுவது அச்சை ஒட்டியே. ஏறிய காற்று 12, 13 கிலோமீட்டர் உயரத்தில் நாலாபக்கமும் விரிந்து வெளியேறுகிறது. கீழே குவிதல், மேலே விரிதல், நடுவே ஏற்றம். மேலே விரிகிற இடம் சரியாக அமையாவிட்டால் கீழே எவ்வளவு குவிந்தும் பயனில்லை. ஒரே மாதிரி இரண்டு அலை வரும், ஒன்று கொட்டும், ஒன்று ஏமாற்றும். வித்தியாசம் பெரும்பாலும் இந்த மேல்தளத்தில் இருக்கும்.

இதில் ஒரு கசப்பான உப கதையும் உண்டு. அந்தத் தீவுகளில் ஏன் பலூன் நிலையங்கள் இருந்தன? எனிவேடொக்கில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தியது, கதிரியக்கத் தூசி எந்தப் பக்கம் போகும் என்று அறிய மேல்காற்றை அளந்தாக வேண்டும். 1966ல் ஜப்பானின் யனாயும் மருயாமாவும் பூமத்தியரேகையின் மேல் மிக உயரத்தில் ஒரு புதுவகை அலையைக் கண்டுபிடித்ததும் அதே மார்ஷல் தீவுகளின் 1958ஆம் ஆண்டுத் தகவல்களைத் தோண்டித்தான்.

மறுபடி அலையின் உடலுக்கு வருவோம். அதன் வெப்பநிலை விசித்திரமானது. அச்சின் கீழ்ப்பகுதி சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, மேல்பகுதி கொஞ்சம் வெதுவெதுப்பு. கொஞ்சம் என்றால் ஒரு டிகிரிக்குள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ மழையைக் கொண்டுவரும் அமைப்புகளில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தோடு மோதும். நமக்கு அந்த மாதிரி மோதல் கிடையாது. நீராவி மழையாகும்போது வெளிவிடுகிற வெப்பம்தான் மேல்பகுதியைச் சூடாக்குகிறது, அந்தச் சூடான பகுதியிலேயே காற்று ஏறுவதால் அலைக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கீழே மழைத்துளி ஆவியாகி, மேகத்தில் இருந்து இறங்கும் காற்று குளிர்ந்துபோவதால் அடிப்பகுதி சில்லென்று ஆகிறது.

புயலோ அடியில் இருந்தே சூடான மையம் கொண்டது. அப்படியானால் ஒரு அலை புயலாக வேண்டுமென்றால் அதன் குளிர்ந்த அடிப்பகுதி மாறி, மேலே இருக்கிற சூடு கீழே வரை எட்ட வேண்டும், திறந்த வளைவாக இருப்பது மூடிய சுழலாக வேண்டும். அதற்குக் கடல் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், மேலுக்கும் கீழுக்கும் காற்றின் வேகம் ரொம்ப மாறக்கூடாது, நடு உயரத்தில் வறண்ட காற்று புகுந்துவிடக்கூடாது. நவம்பரில் வங்கக்கடலில் கடல் சூட்டுக்குப் பஞ்சமில்லை, மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கெடுத்துவிடும். அதனால்தான் பருவத்துக்கு ஒன்றிரண்டு புயல், ஆனால் அலைகள் வரிசையாக. வங்கக்கடலுக்கு வருகிற அலைகளில் பல நெடுந்தூரம் நடந்து வந்தவை, தென்சீனக் கடல், தாய்லாந்து வளைகுடா, மலாய் தீபகற்பம் எல்லாம் தாண்டி அந்தமான் கடலில் இறங்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலின் ஆரம்பமும் தாய்லாந்து வளைகுடா பக்கம்தான்.

அப்புறம் இன்னொரு கேள்வி, ஏன் சில வாரம் அலைமேல் அலையாக வருகிறது, சில வாரம் வந்ததே தெரியாமல் போகிறது? இதற்குப் பதில் இன்னும் பெரிய அலைகளில் இருக்கிறது. பூமத்தியரேகையை ஒட்டி எந்தெந்த வகை அலை ஓட முடியும் என்று 1966ல் தரோ மட்சுனோ காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார், பிறகு செயற்கைக்கோள் படங்களில் அவை ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. கெல்வின் அலை கிழக்கு நோக்கி வேகமாக ஓடும். ராஸ்பி அலை மேற்கே மெதுவாக நகரும், பூமத்தியரேகைக்கு இரண்டு பக்கமும் ஜோடியாகச் சுழல் போடும். 2022 மே மாதம் வடக்கே அசானி, தெற்கே கரீம் என்று இந்தியப் பெருங்கடலில் இரட்டைப் புயல் தெரிந்தது அந்த மாதிரி ஜோடிதான். இவற்றுக்கெல்லாம் மேலே எம்ஜேஓ, அதாவது மேடன்-ஜூலியன் அலைவு, 1971ல் மேடனும் ஜூலியனும் கண்டுபிடித்தது, 30 முதல் 60 நாளுக்கு ஒரு முறை திரும்ப வருகிற பெரிய மேகக்கூட்டம், வினாடிக்கு 5 மீட்டர் என்று கிழக்கே நடை போடும். அது இந்தியப் பெருங்கடலுக்கு மேல் இருக்கும் நாட்களில் நம்ம பக்கம் காற்று ஏறுவது எளிது, சாதாரண கிழக்கு அலைகூட நன்றாகக் கொட்டும். அது பசிபிக்கில் இருக்கும்போது நல்ல அலையும் சோர்ந்துபோகும். இணையத்தில் சிலர் எம்ஜேஓ வந்துவிட்டது, தமிழகம் மிதக்கப்போகிறது என்று எழுதுவது மிகை. அது மேடை போட்டுத் தரும், ஆடுவது அலைதான்.

அலை கரையேறிய பிறகு நடப்பது உள்ளூர் சமாச்சாரம். சேலத்துக்கு வடகிழக்கே சித்தேரி மலை, கிழக்கே கல்வராயன் மலை, வடக்கே சேர்வராயன். அச்சுக்கு முன்னால் வீசும் வடகிழக்குக் காற்று இந்த மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் நமக்கு வருகிறது, போதாக்குறைக்கு அது அலையின் வறண்ட பக்கமும்கூட. அச்சு தாண்டிக் காற்று கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும்போது நிலைமை மாறும். கல்வராயனுக்கும் பச்சைமலை, கொல்லிமலைக்கும் நடுவே ஆத்தூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் என்று கிழக்கு மேற்காக ஒரு பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது, வசிஷ்ட நதி ஓடுகிற வழி. கடல் ஈரம் அந்த வழியாக உள்ளே வந்து சேர்வராயனின் தெற்குச் சரிவில் ஏறும். அதனால் கடலோரத்தில் அலை வந்த அன்றே மழை, சேலத்தில் பாதி நாளோ ஒரு நாளோ தள்ளி, பெரும்பாலும் இரவில். கடலோரத்தில் மழை விட்டுவிட்டது என்ற செய்தியைப் பார்த்துக் களத்தில் மாவைப் பரப்புகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

2024 ஃபெஞ்சல் புயல் இதற்குப் பெரிய அளவிலான உதாரணம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே நின்று, பிறகு வலுவிழந்து உள்ளே வந்தது. காற்றுப் பட்டியலில் அது ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் பதிவானது. சேலம் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததும் அந்த மழையில்தான். புயல் வலுவிழந்தது என்ற தலைப்புச் செய்தியைப் படித்து நிம்மதியாகத் தூங்கப்போனவர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் பெரிய படிப்பு தேவையில்லை. இணையத்தில் விண்டி மாதிரி காற்று வரைபடம் எதையாவது திறவுங்கள். அது தரைக்காற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும், உயரத்தை 850க்கு, அதாவது 1,500 மீட்டருக்கு மாற்றுங்கள். போர்ட் பிளேருக்கும் கடலூருக்கும் நடுவே காற்றுக்கோடுகள் எங்கே கூரை முகடாக வளைகின்றன என்று தேடுங்கள், மறுநாள் அதே முகடு எவ்வளவு மேற்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். முகடு 700லும் தெரிந்தால் அலை ஆழமானது. அதன் பின்பக்கம் ஈரம் எவ்வளவு உயரம் போகிறது என்பதையும் பார்த்துவிட்டால், டிவியில் தாழ்வு உண்டா இல்லையா என்பதைவிட நல்ல தகவல் கையில் இருக்கும். எந்த நாள் என்று இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடலாம். ஆத்தூரில் கொட்டுமா ஓமலூரில் கொட்டுமா என்று கேட்டால் அது அலையின் வேலை இல்லை, அந்த அலைக்குள் அன்று எழுகிற தனித்தனி இடிமேகங்களின் வேலை.

இதெல்லாம் அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரைக்கும்தான். மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடி பூக்கக் காத்திருக்கும்போது ஏற்காட்டில் விழுகிற பூ மழைக்கும், மே மாதம் சேலத்தில் சாயங்காலம் தூசியைக் கிளப்பிக்கொண்டு வருகிற மழைக்கும் கிழக்கு அலை பெரும்பாலும் பொறுப்பில்லை. அது வெயிலில் தரை கொதித்து, மலைச்சரிவில் காற்று ஏறி, மதியத்துக்கு மேல் உருவாகி இரவுக்குள் முடிந்துபோகிற வெப்பச்சலனம். அதற்கு 850 வரைபடத்தைவிட ராடார் படம்தான் உதவும். அதிலும் ஒரு சங்கடம், காரைக்கால் ராடாரில் இருந்து சேலம் 200 கிலோமீட்டர், சென்னையில் இருந்து இன்னும் அதிகம். பூமியின் வளைவால் அவ்வளவு தூரத்தில் ராடார் கதிர் தரையில் இருந்து 4 கிலோமீட்டருக்கு மேலேதான் கடக்கிறது. சேர்வராயன் சரிவில் மேகம் அந்த உயரத்துக்கு வளர்ந்த பிறகுதான் திரையில் புள்ளி விழும்.